பூட்டைத் திறக்கும் நேரம்

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் போகிறவர்கள் அந்த நீண்ட லாரிகளைப் பார்த்திருப்பார்கள். ஐம்பது, அறுபது மீட்டர் நீளத்தில் வெள்ளை வெளேரென்று ஒற்றை இறக்கை. முன்னால் வழி விலக்கிக்கொண்டே போகும் ஒரு பைலட் வண்டி. வளைவு வந்தால் பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்பி மெல்ல நகர்த்துவார்கள். அது கடக்கும்வரை இரு பக்கமும் பஸ்கள் காத்து நிற்கும். மாமண்டூர், ஸ்ரீபெரும்புதூர், புதுச்சேரி வட்டாரங்களில் காற்றாலை உறுப்புகளைச் செய்யும் ஆலைகள் இருப்பதால், தெற்கே போகும் காற்றாலைகளில் பலவும் கடப்பது நம் விழுப்புரம் மாவட்டத்துச் சாலையைத்தான்.

இறக்கைகளோடு ஆட்களும் போகிறார்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் முடித்தவர்களுக்கும், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கியவர்களுக்கும் கயத்தாறு, முப்பந்தல், பல்லடம், உடுமலை என்று காற்றாலைப் பகுதிகளில் வேலை இருக்கிறது. 'காத்தாடி கம்பெனியில் வேலை' என்றால் வீட்டில் முதலில் எழும் பயம் உயரத்தைப் பற்றியது. அவ்வளவு உயரம் ஏறுகிறானே, கயிறு சரியாகக் கட்டினானா என்றுதான் தாய் கேட்பாள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் உயரத்துக்கு இன்று பெல்ட் இருக்கிறது, விழுந்தால் பிடித்து நிறுத்தும் கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. வீட்டிலிருப்பவர்கள் யாரும் கேட்காத இன்னொரு ஆபத்து மேலே இருக்கிறது. பூட்டி வைத்த ரோட்டரின், அதாவது இறக்கைகளோடு சுற்றும் பாகத்தின், பூட்டைத் திறக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அது. இந்தக் கட்டுரை அந்த நிமிடங்களைப் பற்றியது.

தமிழ்நாட்டின் காற்றாலைக் கதை 1986-ல் தூத்துக்குடியில் தொடங்கியது. அன்று நிறுவிய இயந்திரங்கள் 55 கிலோவாட் திறன் கொண்டவை. இன்று மாநிலத்தின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய மூன்று கணவாய்களின் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வருவதுதான் இதற்கு அடிப்படை. வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை சீசன். அந்த மாதங்களில்தான் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கிடைக்கிறது. பராமரிப்பு வேலையைக் காற்று இல்லாத மாதங்களில் முடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் பழுது நாள் பார்த்து வருவதில்லை. நட்ட நடு ஆடியிலும் ஒரு இறக்கையின் பேரிங் கெடலாம். ஹப்புக்குள் ஒரு சென்சார் சாகலாம்.

இரும்புத் தண்டு ஒன்று

கோபுரத்தின் உச்சியில் பஸ் அளவுக்கு இருக்கும் பெட்டிக்கு நேசல் என்று பெயர். அதன் முகப்பில் மூன்று இறக்கைகளும் வந்து சேரும் வார்ப்பிரும்புக் குமிழ்தான் ஹப். இறக்கையின் கோணத்தை மாற்றும் மோட்டார் அல்லது ஹைட்ராலிக் சிலிண்டர், பேட்டரிகள், கன்ட்ரோல் பெட்டிகள், நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் எல்லாம் அந்தக் குமிழுக்குள். அங்கே வேலை என்றால் ஆள் உள்ளே ஊர்ந்து போக வேண்டும். ஆள் நுழைவது சுழலும் பாகத்துக்குள்ளேயே. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினாலும் உள்ளே இருப்பவர் வாஷிங் மெஷினில் போட்ட துணிபோலப் புரட்டப்படுவார். அதற்காகத்தான் ரோட்டர் லாக்.

அமைப்பு எளிமையானது. பிரதான தண்டோடு சேர்ந்து சுற்றும் கனமான வட்டத் தகட்டில் துளைகள் இருக்கும். சுற்றாத பக்கத்திலிருந்து ஒரு தடித்த இரும்புத் தண்டை அந்தத் துளைக்குள் செலுத்த வேண்டும். சில இயந்திரங்களில் கையால் திருகித் தள்ளுவது, சிலவற்றில் ஹைட்ராலிக். பெரிய இயந்திரங்களில் இரண்டு தண்டுகள் இருப்பதும் உண்டு. தொழிலில் இதை லாக் பின் என்கிறார்கள்.

பிரேக்தான் இருக்கிறதே, அது போதாதா என்று தோன்றும். போதாது, காரணம் இதுதான். கியர்பாக்ஸ் உள்ள இயந்திரங்களில் பிரேக் பெரும்பாலும் இருப்பது ஜெனரேட்டர் பக்கத்து வேகத் தண்டில். இரண்டு மெகாவாட் வகையில் ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்தத் தண்டு நூறு சுற்றுக்கு அருகில் சுற்றும். அங்கே பிடித்தால் சிறிய பிரேக்கே போதும் என்பதால் அந்த இடம். ஆனால் பிரேக்குக்கும் ஹப்புக்கும் நடுவில் கியர்பாக்ஸ் முழுவதும் நிற்கிறது. அதில் ஒரு பல் உடைந்தால் பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க, ரோட்டர் தன்பாட்டுக்குச் சுற்றும். ஹப்புக்குள் ஆள் போகும்போது பிரேக்கை நம்பக் கூடாது, லாக் பின் துளைக்குள் முழுதாகப் புகுந்திருக்க வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான். பிரேக் விட்டுப்போனாலும் லாக் தனியாக நின்று தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதியும்கூட.

அப்படியானால் வேலை இல்லாத நாளிலும் பூட்டியே வைக்கலாமே? அதுவும் கூடாது. பூட்டிய ரோட்டரைக் காற்று அசைக்கப் பார்க்கும்போது அந்தச் சின்ன அசைவு முழுவதும் பேரிங்கிலும் கியர் பற்களிலும் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். புயல் நேரத்திலும் இறக்கைகளைக் காற்றுக்கு ஓரம் காட்டித் திருப்பிவிட்டு, ரோட்டரை மெதுவாகச் சுற்ற விடுவதுதான் முறை. இறக்கையை அப்படி ஓரம் காட்டித் திருப்புவதற்கு ஃபெதர் செய்வது என்று பெயர். எந்த வேகம் வரை பூட்டலாம், எத்தனை நேரம் பூட்டி வைக்கலாம் என்று ஒவ்வொரு இயந்திரத்தின் கையேட்டிலும் ஒரு வரம்பு இருக்கும். ஒரு இயந்திரத்தின் எண் மற்றதற்குப் பொருந்தாது.

பின் இறுகிவிட்டால்

பூட்டுவதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். உள்ளே போகப் போகிறோம் என்ற பயம் அப்போது உடம்பிலேயே இருக்கும். திறக்கும்போது அந்தப் பயம் போய்விடுகிறது. வேலை முடிந்தது, மணி நான்காகிறது, கீழே ஜீப் நிற்கிறது, கன்ட்ரோல் ரூமிலிருந்து எப்போது ஓடும் என்று போன் வருகிறது. முடிந்த வேலையின் மிச்சம்தான் இது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அப்போதுதான் அத்தனை சக்தியும் திரும்ப விடுதலை ஆகிறது.

எவ்வளவு சக்தி என்று ஒரு சுமார் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு இறக்கை 12 டன் என்றும், அதன் எடை மையம் தண்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று இறக்கையும் இருந்தால் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பழுதுக்காக ஒன்றைக் கழற்றிவிட்டால் சமன் போய்விடும். மோசமான நிலையில் மீதி இரண்டும் சேர்ந்து தண்டைத் திருகும் அளவு 240 டன்-மீட்டர். அந்த முழுத் திருகலையும் தாங்கிக்கொண்டிருப்பது லாக் பின்தான். இறக்கை எதையும் கழற்றாத சாதாரண வேலையிலும் பின்மேல் பளு ஏறும். காற்று திசை மாறலாம். பிரேக் சற்று நழுவி ரோட்டர் ஒரு விரற்கடை நகர்ந்து பின்மேல் சாய்ந்திருக்கலாம். உள்ளே இருப்பவர் இறக்கையின் கோணத்தைச் சோதித்துப் பார்க்கும்போது அது காற்றை வாங்கியிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு இறக்கையைத்தான் ஃபெதரிலிருந்து வெளியே எடுக்கலாம் என்று கையேடுகள் பொதுவாகச் சொல்வது இதனால்தான்.

பளு ஏறிய பின் இழுத்தால் வராது. இங்கேதான் சுத்தியல் வெளியே வருகிறது. மேட்டில் நிற்கும் லாரியின் சக்கரத்துக்குக் கீழே வைத்த முட்டுக்கட்டை கையோடு வரவில்லை என்றால் லாரி அதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடித்து எடுத்தால் கட்டையோடு லாரியும் வரும். பின்னை அடித்து எடுப்பதும் அப்படித்தான். பின் வெளியே வந்த கணமே ரோட்டர் தன் சாய்வுக்குத் திரும்பும். அடித்தவர் நிற்பது அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில்.

பின் இறுகியிருந்தால் அது நமக்கு ஏதோ சொல்கிறது. முதலில் நிறுத்திவிட்டு ஏன் என்று பார்க்க வேண்டும். மூன்று இறக்கையும் ஃபெதரில் இருக்கின்றனவா? காற்று கையேட்டின் வரம்புக்குள் இருக்கிறதா? பிரேக்கின் ஹைட்ராலிக் அழுத்தம் சரியா? இவை சரியென்றால், ரோட்டரைக் கொஞ்சமாக நகர்த்தும் கருவியால் அல்லது அந்த இயந்திரத்துக்கென்று கையேட்டில் சொன்ன வழியில், பின் துளையின் நடுவுக்கு வரும்வரை பளுவை இறக்க வேண்டும். பளு இறங்கிய பின் தானாகவே வழுக்கிக்கொண்டு வரும். அப்படி வரவில்லை என்றால் அன்றைக்கு வராது. கீழே இறங்கி, காற்று தணியும்வரை காத்திருக்க வேண்டும்.

நல்ல குழு ஒன்று திறக்கும் விதத்தை நிதானமாகப் பார்த்தால் பெரும்பாலான நேரம் பின்னிடம் போகாமலே கழிவது தெரியும். ஹப்புக்குள் எடுத்துச் சென்ற ஸ்பேனர்களை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் மறுபடி உள்ளே தேடல். வேலைக்காகத் தனித்தனியாக அடைத்த வால்வுகள், இறக்கைகளுக்குப் போட்ட லாக்குகள், நிறுத்திய பிரேக்கர்கள் எல்லாவற்றையும் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்து பெயர் சொல்லி எண்ணிய பிறகுதான் ஹப்பின் கதவை மூடுவார்கள். மெயின் சுவிட்சில் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டையும் பெயர்ச் சீட்டையும் மாட்டியிருப்பார்கள். பூட்டைப் போட்டவர்தான் அதை எடுக்க வேண்டும். அவர் கீழே போயிருந்தால் திரும்ப மேலே வர வேண்டும். தொழிலில் இதை லோட்டோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எத்தனை சுருக்கினாலும் இந்த இடத்தைச் சுருக்கக் கூடாது.

பிறகு நேசலின் உச்சியில் உள்ள காற்றுமானியைப் பார்த்து, சராசரி மட்டுமல்ல, வீச்சு எவ்வளவு என்றும் கவனிப்பார்கள். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. நொடிக்கு 6 மீட்டர் வேகம் 12 ஆனால் சக்தி இரு மடங்கல்ல, எட்டு மடங்கு. ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்த எண்ணை நம்பித் திறக்கக் கூடாது. பிரேக் பிடித்திருக்கும்போதே பின்னை இழுத்து, முழுதாக வெளியே வந்ததை விளக்கு காட்டினாலும் கண்ணாலும் பார்த்து, அது மறுபடி உள்ளே நழுவாதபடி வெளியே இழுத்த நிலையிலேயே பிடித்து வைப்பார்கள். இரண்டு பின் இருந்தால் இரண்டையும். ஒன்று அரைகுறையாக நின்று, ரோட்டர் சுற்றத் தொடங்கினால் தகடும் பின்னும் சேர்ந்து உடையும். வேகத் தண்டின் மேல் மூடி திரும்ப ஏறிய பிறகு, சுழலும் பாகங்களிடமிருந்து எல்லோரும் விலகி நின்று, கடைசியில்தான் பிரேக்கை விடுவார்கள். ஃபெதரில் இருக்கும் ரோட்டர் சோம்பலாக ஒரு சுற்று வரும். அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இறங்குவார்கள்.

அமெரிக்காவில் ஒரு ஆகஸ்ட் பிற்பகல்

பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆவணப்படுத்தப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. 2007 ஆகஸ்ட் 25 அன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஷெர்மன் கவுன்ட்டியில் உள்ள காற்றாலைப் பண்ணையில் மூன்று பேர் பராமரிப்புக்குப் போயிருந்தார்கள். பிரேக் பிடித்து ரோட்டரை நிறுத்திவிட்டு ஒருவர் ஹப்புக்குள் போனார். மூன்று இறக்கைகளையும் காற்றை முழுதாக வாங்கும் நிலைக்குத் திருப்பினார். உள்ளே இருக்கும்போது இறக்கை தானாகத் திரும்பித் தன்னை நசுக்கிவிடாமல் இருக்க, மூன்றுக்கும் சக்தியைத் தடுக்கும் வால்வுகளை அடைத்தார். அதுவரை எல்லாம் பாதுகாப்புக்காகத்தான். வெளியே வரும்போது அந்த வால்வுகளைத் திரும்பத் திறக்கவில்லை.

பிரேக்கை விட்டார்கள். காற்றை முழுதாக வாங்கும் மூன்று இறக்கைகள், அவற்றைத் திருப்ப வழியில்லை. ரோட்டர் கட்டுக்கடங்காத வேகம் எடுத்தது. ஒரு இறக்கை கோபுரத்தின் மேல் மோதியது. கோபுரம் சரிந்தது. மேலே இருந்தவர் இறந்தார். கோபுரத்துக்குள் இருந்தவர் காயமடைந்தார். வெளியே நின்றவர் தப்பினார். கோபுரத்தின் கட்டுமானத்தில் குறையில்லை என்று அந்த மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறை விசாரித்துச் சொன்னது. மூவரில் இருவருக்கு அனுபவம் இரண்டு மாதத்துக்கும் குறைவு, மேற்பார்வையாளர் யாரும் அங்கில்லை, வால்வைத் திறக்காமல் விட்டால் கோபுரமே விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதும் விசாரணையில் வந்தது. விதிக்கப்பட்ட அபராதம் 10,500 டாலர்.

இரண்டு மாத அனுபவம் என்ற அந்த ஒரு தகவல் எனக்கு எப்போதும் உறுத்தும். படித்து முடித்த கையோடு தெற்கே பஸ் ஏறும் நம் பிள்ளைகளின் முதல் சீசனும் அதே வயதுதான்.

பழைய இயந்திரங்கள்

நம் மாநிலத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தொண்ணூறுகளில் முப்பந்தலிலும் பல்லடத்திலும் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு வகையில் இறக்கை ஹப்போடு இறுக்கிப் பொருத்தப்பட்டது, கோணம் மாறாது. ஃபெதர் செய்வது என்ற பேச்சே அங்கே இல்லை. இறக்கையின் நுனி மட்டும் திரும்பி வேகத்தைக் குறைக்கும். பிரேக்கை விட்டால் காற்று இருக்கிற அளவுக்கு ரோட்டர் உடனே பிடித்துக்கொள்ளும். அத்தகைய இயந்திரத்தைப் பூட்டுவதும் திறப்பதும் காற்று நன்றாக அடங்கிய நேரத்தில்தான் நடக்க வேண்டும். மாற்றாக, நேசலைக் காற்றின் குறுக்கே திருப்பி வைக்கலாம். கியர்பாக்ஸே இல்லாமல் ஜெனரேட்டரை நேரடியாகச் சுற்றும் இயந்திரங்களும் நம்மிடம் உண்டு. அவற்றில் பூட்டு இருக்கும் இடமும் முறையும் வேறு. ஒரே பராமரிப்புக் குழு காலையில் ஒரு வகையிலும் மாலையில் இன்னொரு வகையிலும் ஏறும்போது, கை பழகிய பழக்கம் ஆபத்தாகிறது. அந்தந்த இயந்திரத்தின் கையேட்டில் அந்தந்தப் பக்கம், தமிழில், நேசலுக்குள்ளேயே ஒட்டியிருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு லேமினேஷன் காகிதம்.

பழைய இயந்திரங்களைக் கழற்றிப் புதிதாக நிறுவவும், ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அவை எல்லாம் மாறும்வரை காத்திருக்க முடியாது. ஆயுளை நீட்டிக்கும் இயந்திரங்களில் கோபுரத்தையும் இறக்கையையும் சோதிப்பதைப் போலவே லாக் பின்னையும் அதன் துளையையும் சோதிக்க வேண்டும். தேய்ந்து முட்டை வடிவமான துளையில் பின் நேராக நிற்காது. உள்ளூர் லேத்தில் கடைந்து போட்ட பின் என்றால் அது எந்த இரும்பு, எவ்வளவு தாங்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

காத்திருப்புக்கு விலை

சுத்தியலை எடுக்க வைப்பது பெரும்பாலும் நேரம்தான். இரண்டு மெகாவாட் இயந்திரம் முழுக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் 2,000 யூனிட் போகிறது. யூனிட் 3 ரூபாய் என்று வைத்தாலும் 6,000 ரூபாய். காற்று தணிய நான்கு மணி நேரம் காத்திருந்தால் 24,000. இயந்திரம் ஆண்டில் 95 சதவீதமோ அதற்கு மேலோ ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. குறைந்தால் பராமரிப்பு நிறுவனம் ஈடு கட்ட வேண்டும். அந்த அழுத்தம் நிறுவனத்திலிருந்து சைட் இன்ஜினீயருக்கும், அவரிடமிருந்து உச்சியில் பின்னைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இருபத்து மூன்று வயதுப் பையனுக்கும் இறங்கி வருகிறது. அவனுக்குக் கீழே இறக்கிவிட வேறு ஆளில்லை.

இயந்திரங்களின் சொந்தக்காரர்களில் பலர் கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைக்காரர்கள். சொந்த ஆலையில் ஒரு மெஷின் ஓடும்போது கையை விடக் கூடாது என்று தெரிந்தவர்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: காற்று வரம்புக்கு மேல் இருந்ததால் ரோட்டரைத் திறக்கக் காத்திருந்த நேரம் நிறுத்தக் கணக்கில் வராது. இந்த வரி இருந்தால் சைட் இன்ஜினீயர் தைரியமாக 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பார்.

பிள்ளையை அனுப்பும் வீடுகளும் சிலவற்றைக் கேட்கலாம். உயரத்தில் வேலை, முதலுதவி, தீ ஆகியவை அடங்கிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற உலக அமைப்பின் சான்றிதழ் உண்டு; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இருக்கிறதா, அதன் தேதி என்ன? ஆபத்தான சக்தியைக் கட்டுப்படுத்துவது பற்றித் தனியாகவும் ஒரு பயிற்சி அதே அமைப்பில் இருக்கிறது. பையனுக்கு அது கொடுத்தார்களா? அவன் நேரடி ஊழியனா, ஒப்பந்ததாரரின் ஆளா? இ.எஸ்.ஐ., பி.எஃப். எண் யார் பெயரில்? முதல் சில மாதம் அவனோடு மேலே ஏறும் சீனியர் யார்? பெட்டியைக் கட்டும் நாளில் இதைக் கேட்டால் எந்த நல்ல நிறுவனமும் முகம் சுளிக்காது.

ஐ.டி.ஐ. ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினுக்கே லோட்டோ பூட்டு போடப் பழக்குங்கள். சுவிட்சில் ஒரு பூட்டும், மாணவன் கையால் எழுதிய பெயர்ச் சீட்டும் போதும். மற்றவன் பூட்டைத் தொடக் கூடாது என்பது பதினெட்டு வயதில் கையில் ஏறிவிட்டால், நூறு மீட்டர் உயரத்தில் யாரும் அதைச் சொல்லித் தர வேண்டியிருக்காது. ஒரு இரும்புத் தகட்டில் துளையிட்டு, ஒரு பக்கம் எடை தொங்கவிட்டு, பின்னைப் போட்டு இழுக்கச் சொல்லுங்கள். பளு ஏறிய பின் எப்படி இறுகுகிறது, எடையைத் தூக்கிப் பிடித்தால் எப்படி விரலோடு வந்துவிடுகிறது என்பதை ஒவ்வொருவரும் தன் கையால் பார்க்கட்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பொருள்களிலேயே திண்டிவனத்தில் ஒரு பிற்பகலில் இதைச் செய்து முடிக்கலாம்.